கேட்டுவிட்டுத் தொடுகிறவர்

கொல்லிமலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை போடலாம் என்று அப்பாஸ் அலி முடிவு செய்த 2006ஆம் ஆண்டில், மலைமேல் போட்டிக்கு ஒரு கடைகூட இல்லை. கம்ப்யூட்டரும் ஏறக்குறைய இல்லை. முதல் விஷயத்தை மட்டும் யோசித்துக் கடையைத் திறந்தவர், இரண்டாவது விஷயத்தை அடுத்த எட்டு மாதம் கடைக்குள் உட்கார்ந்து யோசித்தார். அதற்குள் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒன்று வந்தது, வங்கிக்கு இரண்டு வந்தன, எறும்புகளும் வந்தன. மலையில் கம்ப்யூட்டர் கெட்டுப்போவதற்கு எறும்பே முதல் காரணம். ஈரம் இரண்டாவது. பயன்படுத்துகிறவர் மூன்றாவது இடத்தில்தான் வருகிறார் என்பது அப்பாஸ் அலியின் கணக்கு. கீழ்நாட்டில் இந்த வரிசை தலைகீழ் என்பார்.

ஊர் அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டி. படித்தது அஞ்சல் வழியில் வரலாறு. முதலில் பார்த்த வேலை நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. அங்கே ஒருநாள் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மற்ற மூன்று பேரும் ‘எனக்குக் கண்ணு சரியில்லீங்க’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கண் நன்றாகத் தெரிகிற ஒரே ஆள் என்ற தகுதியில் அவர் அதன் முன்னால் உட்கார்ந்தார். இப்போது வயது ஐம்பத்திரண்டு, கண்ணாடி போட்டிருக்கிறார்.

காலை முதல் பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி, கடை இருக்கும் செம்மேட்டில் இறங்குவார், சாயங்காலம் அதே எழுபதையும் இறங்கிப் போவார். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்மாவுக்காகக் கீழேயே இருந்துவிடுவார். அன்றைக்குக் கடைச் சாவி பக்கத்து டீக்கடைக்காரரிடம் இருக்கும். கடைக்குள் இருப்பதில் பாதி அரசாங்கச் சொத்து, மீதி அடுத்தவர் சொத்து. டீக்கடைக்காரர் ஒருநாளும் ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதோடு சரி.

பாடப் புத்தகத்தில் இயங்குதளம் என்று ஒரு சொல் இருக்கிறது. செம்மேட்டில் அதை ‘விண்டோஸ் போடறது’ என்பார்கள், போடுவது விண்டோஸாக இல்லாவிட்டாலும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

“ஏனுங்க பாய், எதுங்க நல்லது?”

அப்பாஸ் அலி இதற்கு ஒருமுறையும் பதில் சொன்னதில்லை. பதிலுக்கு அவர் கேட்பார். இதில் என்ன வேலை பார்ப்பீர்கள்? உங்களைத் தவிர வேறு யார் கை வைப்பார்கள்? மக்கர் பண்ணினால் யாரிடம் ஓடுவீர்கள்? முதலிரண்டு கேள்விகளும் மரியாதைக்கு; மூன்றாவதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு எது தெரியுமோ அதுதான் நல்ல இயங்குதளம் என்பது அவர் கொள்கை. “எறங்கிப் போயித்தான் சரி பண்ணோணும்னா, அது எவ்வளவு ஒசத்தியா இருந்து என்னங்க?” என்பார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் அமலோற்பவம் திண்டுக்கல் பக்கத்துக்காரர். மகள் சென்னையில் ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாள், தனக்கும் அதுதான் வேண்டும் என்று வந்தார். மூன்று கேள்விகளும் கேட்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை பூசை பார்ப்பது, மகளோடு முகம் பார்த்துப் பேசுவது. ஆபீஸ் வேலைக்கு அரசாங்கம் கொடுத்த டேப் இருக்கிறது.

“அப்ப உங்க போனே போதுங்கக்கா.”

“எனக்குக் கம்ப்யூட்டர் வெச்சுக்கத் தகுதி இல்லன்னு சொல்றீங்களா பாய்?”

“தகுதிக்கு என்னங்கக்கா கொறச்சல்? தேவைதான் இல்லை.”

வந்த விற்பனையைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர் மேல் அமலோற்பவத்துக்கு வந்த கோபம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை. ஆனால் போன் சார்ஜ் ஏறாவிட்டால் அவரிடம்தான் வருகிறார்.

இப்படி ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்த்துச் சொல்கிறவரின் சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் ஏழு. அதன் ஆயுசு முடிந்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது. ‘அப்டேட் பண்ணாம வெச்சிருக்காதீங்க’ என்று வாடிக்கையாளரைக் கண்டிக்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், இதற்கு நெட் கனெக்ஷன் கிடையாது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அடிக்க மட்டும்தான் என்பார். பொய் இல்லை. ஆனால் அவர் பழைய பொருளை விடாத ஆள் என்பதும் பொய் இல்லை.

மலையில் அவருக்கு இருந்த பெயர் திறமைசாலி என்பதல்ல. திறமைசாலிகள் ராசிபுரத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ‘பாய் கேட்டுட்டுத்தான் தொடுவாரு’ என்பதுதான் அந்தப் பெயர். ஒரு படத்தை அழிப்பதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்பார். சிக்னல் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அப்படியே ஒரு வாரம் கிடக்கும். பத்து வருஷத்துக்கு முன்பு எதிர்ச்சாரியில் கீழ்நாட்டு இளைஞன் ஒருவன் கடை போட்டிருந்தான். கை வேகமானவன். ஒரு லேப்டாப்புக்குப் புதிதாக விண்டோஸ் போட்ட வேகத்தில், உள்ளே இருந்த கல்யாணப் படங்களை மொத்தமாகத் துடைத்துவிட்டான். யாரும் சண்டைக்குப் போகவில்லை, சத்தம் போடவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்தக் கடைப் படி ஏறுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். ஒன்பது மாதத்தில் அவன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போனான். இந்த மலையின் தண்டனை இப்படிப்பட்டது, அதற்கு மேல்முறையீடு கிடையாது. அப்பாஸ் அலி இதை எதிர்க்கடையில் உட்கார்ந்து ஒன்பது மாதமும் பார்த்தவர்.

அவரே மாட்டிக்கொண்டது போன நவம்பரில்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். அப்படி ஒன்றான குண்டனி நாட்டில் மிளகும் சாமையும் விளைவிக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பன்னிரண்டு வருஷத்துப் பழசு, விண்டோஸ் பத்து. அதை ஓட்டுகிறவர் வளர்மதி. பிளஸ் டூ முடித்துக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். எந்த மூலையில் எதை அழுத்தினால் எது வரும் என்று ஒரு நோட்டில் படம் வரைந்து, இரண்டு வருஷம் பழகியிருந்தார். அக்டோபரில் விண்டோஸ் பத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. அது செய்தியாக மலையேறி வருவதற்குள் கொஞ்சம் உருமாறி, ‘பழைய கம்ப்யூட்டர் எல்லாம் இனிமே ஓடாது’ என்று ஆகியிருந்தது. அதே வாரம் சங்கத்துக் கம்ப்யூட்டர் நிஜமாகவே ஓடாமல் நின்றது. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அப்பாஸ் அலி போனில் சொன்னதை யாரும் நம்பவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்கு வந்தது. பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்துவிட்டார். புது டிஸ்க் போட வேண்டும். எதைப் போடுவது? அந்த வயசான கம்ப்யூட்டர் விண்டோஸ் பதினொன்றை ஏற்காது. பத்தையே திரும்பப் போட்டால் இன்னும் கொஞ்ச காலம்தான். லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டால் நாலைந்து வருஷம் தாராளமாக ஓடும், காசும் கிடையாது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் உதைத்தது. மக்கர் பண்ணினால் குண்டனி நாட்டில் யாருக்கு லினக்ஸ் தெரியும்? வளர்மதிக்குத் தெரியாது. ஆனால் வளர்மதிக்குத் தெரிந்துவிட்டால்?

இந்த இடத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய பத்தொன்பது வருஷ வழக்கத்தில் இல்லாத யோசனை. லினக்ஸைப் போட்டு, அதற்கு விண்டோஸ் பத்தின் வேஷத்தைக் கட்டினார். அதே நீலப் பின்னணி, மூலையில் அதே பட்டன், அதே இடங்களில் அதே படங்கள், அதே பாஸ்வேர்டு. சனிக்கிழமை வளர்மதியை வரச்சொல்லி, முதலில் ஓட்ட விட்டு, பிறகு ‘இது வேற கண்ணு’ என்று சொல்லிக் காட்டினால் பயம் போய்விடும். அவர் வேண்டாம் என்றால் பழையதையே போட்டுக் கொடுத்துவிடலாம். கேட்காமல் தொடுவதாக இது அவருக்குத் தோன்றவில்லை. கேட்பதற்கான ஏற்பாடாகத்தான் தோன்றியது.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் அவர் வரமாட்டார். மழை நாளில் எறும்பு காய்ந்த இடம் தேடி வரும். கம்ப்யூட்டரை ஒரு சாக்குக்குள் இறக்கி, வாயை இறுக்கக் கட்டி, ‘குண்டனி நாடு சங்கம்’ என்று சீட்டு எழுதிச் சொருகிவிட்டு பஸ் ஏறினார்.

மலையில் மிளகானாலும் சாமையானாலும் காபியானாலும் மூட்டையின் வாய் திறந்திருந்தால் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். புடைக்கலாம், காயவைக்கலாம், பேரம் பேசலாம். வாய் கட்டிவிட்டால் முடிந்தது, ஏற்ற வேண்டியதுதான். கட்டின மூட்டையைப் பார்த்து ‘ரெடியா?’ என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை சங்கத்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்த அண்ணாமலை, டீ குடித்துவிட்டுக் கடையைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். வாய் கட்டிய சாக்கு, மேலே சங்கத்தின் பெயர். தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலை விஷயம் தெரிந்தது.

“நாந்தான் எடுத்துக் குடுத்தேங்க பாய்” என்றார் டீக்கடைக்காரர். “நீங்கதான் கட்டி வெச்சிருந்தீங்களே!”

“எறும்புக்குக் கட்டுனேங்க.”

“எறும்புக்குக் கட்டுனதுன்னு சீட்டுல எழுதியில்ல வெச்சிருக்கோணும்?”

அப்பாஸ் அலி உடனே வளர்மதிக்குப் போன் போட்டார். அன்றைக்குப் பார்த்து சிக்னல் நன்றாக இருந்தது.

“பாய், சூப்பருங்க!” அவர் வாயைத் திறப்பதற்குள் வளர்மதி ஆரம்பித்துவிட்டார். “முந்தி ஆன் பண்ணிப்போட்டு அடுப்புல உலை வெச்சுட்டு வரலாம். இப்பப் படக்குனு வந்து நிக்குது. வைரஸ் வைரஸ்னு ஒண்ணு வந்து மெரட்டீட்டே இருக்குமே, அதுகூட வரலீங்க. எழுத்து மட்டும் கொஞ்சம் குண்டாயிருக்குது. சரி, ஆஸ்பத்திரிக்குப் போயி வந்தா ஒடம்பு கொஞ்சம் மாறத்தானே செய்யும்?”

“அதுல ஒரு விஷயம் கண்ணு...”

“எனக்கு ரெண்டு நாளா ஒறக்கமே இல்லீங்க பாய். தோட்டக்கலை ஆபீசர் ஓம்பிரகாஷ் சார் வந்து, பழசு ஆகாது, புதுசு வாங்குங்க, இல்லாட்டி லினக்ஸ்னு எதோ ஒண்ணு மாத்துங்கன்னு சொல்லிப்போட்டுப் போனாரு. எதை மாத்துனாலும் தெரிஞ்ச ஆளாப் போடுவாங்க, நான் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்னு நெனச்சேன். நல்லவேளை, நீங்க மாத்தல.”

அப்பாஸ் அலி, “சரி கண்ணு, பார்த்து ஓட்டு” என்று போனை வைத்தார். தன் வாயிலிருந்துதான் அது வந்தது என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த மூன்று வாரமும் அவர் ஒரு புகாருக்காகக் காத்திருந்தார். எதாவது ஒன்று ஓடவில்லை என்று வளர்மதி கூப்பிட்டால் சொல்லிவிடலாம். புகார் வரவில்லை. எல்லா ரிப்பேர்காரர்களும் வேண்டுவது இதைத்தான். அவருக்கு மட்டும் அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டனையாக மாறியது. தானாகச் சொன்னால், பாய் கேட்காமல் தொட்டுவிட்டார் என்று ஆகும். அது போதும். எதிர்க்கடை இளைஞன் ஒன்பது மாதம் தாங்கினான். இவர் வயசுக்கு ஆறு மாதம்கூட ஆகாது.

வீட்டில் ஹாஜிரா பீவிக்கு இது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சோற்றில் கையை வைத்துக்கொண்டு யோசிக்கிற கணவரை அவர் அதிகம் பார்த்ததில்லை.

“ஊரெல்லாம் கேட்டுட்டுத் தொடுவேன் கேட்டுட்டுத் தொடுவேன்னு பீத்திக்கிட்டீங்களே. இப்ப என்ன?”

“நான் வேணும்னு பண்ணலியே. அந்தாளு மூட்டையத் தூக்கிட்டுப் போயிட்டான்.”

“மூட்டைய அவன் தூக்கிட்டுப் போனான். உண்மையச் சொல்லாம போனை நீங்கதான வெச்சீங்க?”

ரசத்தில் உப்பு கம்மி என்றார் அவர்.

நவம்பர் கடைசியில் சங்கம் கூடியது. தோட்டக்கலை அலுவலராகக் கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஓம்பிரகாஷ் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பாதுகாப்பில்லாத கம்ப்யூட்டரில் நூற்றுச் சொச்சம் பேருடைய ஆதார் விவரம் இருப்பது சரியில்லை. பெண்கள், அந்தப் பணத்தில் சாமை குத்தும் மெஷின் வாங்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் தவறில்லை. உரலில் கை வைக்காதவர்கள் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. வளர்மதி எழுந்து, கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, இருக்கிறபடி இருக்கட்டும் என்றார். தலைவர் காளியண்ணன், கடைசியாக, யோசனை கேட்பதற்காக வரவழைத்துக் கதவோரம் உட்காரவைத்திருந்த அப்பாஸ் அலி பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க பாய், நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரி.”

“உங்க மிஷினுங்க. நீங்கதான் சொல்லோணும்.”

பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வந்த வாக்கியம்தான். எல்லாரும் அதைப் பழைய அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

மூன்று மணி நேரம் பேசியும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஓட்டெடுக்கும் வழக்கம் அங்கே கிடையாது. ஓட்டெடுத்தால் தோற்றவர் நாளைக்கும் அதே ஊரில் இருப்பார் அல்லவா? ஒருமனதாக வராத காரியத்துக்குப் பூ கேட்பார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை ஒன்று எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், கிணறு, தேர் ஓடுவது எல்லாம் அப்படி முடிவானதுதான். கம்ப்யூட்டருக்குப் பூ கேட்டது இதுவே முதல் தடவை. ஓம்பிரகாஷ் எதையோ சொல்ல வாயெடுத்து, கோப்பை மூடிக்கொண்டு பின்னால் நடந்தார். அவர் மகளுக்கு வரன் அமைந்ததும் பூ கேட்டுத்தான்.

சின்னக் கோயில். எல்லாரும் உள்ளே போக, அப்பாஸ் அலி வெளியே பலாமரத்தடியில் நின்றார். பூசாரி சென்றாயன் சத்தமாகச் சொன்னார்:

“வெள்ளை வந்தா, ஆபீசுல இருக்கற மிஷினு இருக்கறபடியே ஓடட்டும். செவப்பு வந்தா புது மிஷினு, புது ஆளு. தாயே, நீயே சொல்லு.”

‘புது ஆளு’ என்பதை யார் சேர்க்கச் சொன்னது என்று தெரியவில்லை. வளர்மதி அம்மன் முன்னால் கைகூப்பி நின்று, வெளியே கேட்கிற குரலில் வேண்டிக்கொண்டார். “எனக்கு இந்த ஒண்ணுதான் தாயே தெரியும். வேற எதுவும் தெரியாது. என்னை விட்டுப்போடாத.”

சென்றாயனின் நாலு வயதுப் பேத்தி நீண்ட நேரம் யோசித்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை.

பெண்கள் பக்கம் குலவைச் சத்தம். ஓம்பிரகாஷ் நல்ல மனிதராகச் சிரித்தார். வளர்மதி விபூதித் தட்டோடு வெளியே ஓடி வந்தார்.

“பாய், நீங்க ரிப்பேர் பண்ணிக் குடுத்ததுக்கு அம்மனே உத்தரவு குடுத்துருச்சுங்க!”

சொல்வது சுலபமாக இருந்த மூன்று வாரம் அப்பாஸ் அலி வாயைத் திறக்கவில்லை. இனி சொல்லத் தேவையே இல்லை என்று ஆகிவிட்ட அந்த நிமிஷத்தில் திறந்தார். மனிதர்கள் உண்மை பேசுவதற்கு நேரம் தேர்ந்தெடுக்கும் முறை, இயங்குதளம் தேர்ந்தெடுக்கும் முறையைவிடப் புத்திசாலித்தனமானது என்று சொல்ல முடியாது.

“அதுல ஓடறது விண்டோஸ் இல்லீங்க” என்றார். “லினக்ஸ். மூணு வாரமா.”

கூட்டம் புரிந்துகொள்ளச் சற்று நேரமானது. அவர் சாக்கைப் பற்றியும் மழையைப் பற்றியும் எறும்பைப் பற்றியும் சொன்னார். போனில் பேசியதையும் சொன்னார். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“ஏம்புள்ள வளர்மதி, உனக்குத் தெரியலியா?” காளியண்ணன் கேட்டார்.

“பட்டன் அந்த எடத்துலயேதாங்க இருந்துச்சு...”

யாரோ சிரித்தார்கள். “மீசைய எடுத்துப்போட்டு மச்சாண்டார் வந்தாலே நமக்கு அடையாளம் தெரியாது, அது பாவம் என்ன பண்ணும்?”

“அப்பப் பூ கேட்டது செல்லாதுங்களே” என்றார் ஓம்பிரகாஷ், கோப்பைத் திறந்தபடி. “கேள்வியே தப்பு. இருக்கறது எதுன்னு தெரியாமக் கேட்டிருக்கோம்.”

சென்றாயன் அவரைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியாது. அம்மனுக்குமா தெரியாது உள்ள என்ன இருக்குதுன்னு?”

தொழில்நுட்பம், நிர்வாகம் இரண்டின் தரப்பிலும் இதற்கு மறுப்பு இல்லை. புது கம்ப்யூட்டர் பேச்சு அங்கேயே முடிந்தது.

வளர்மதி மட்டும் அசையாமல் நின்றார். தட்டைப் படியில் வைத்துவிட்டு, அப்பாஸ் அலியின் அருகில் வந்தார்.

“எனக்கு வேற எதுவும் தெரியாதுன்னு இப்பத்தான அம்மன் முன்னால நின்னு சொன்னேன். நீங்க கேட்டுட்டுத்தான நின்னீங்க? பொய்யி சொல்ல வெச்சுப்போட்டீங்களே பாய்.”

காளியண்ணன், “சரி விடு சாமி, பாய் வேணும்னேவா பண்ணுனாரு?” என்றார். யாரும் அவரைத் திட்டவில்லை, குற்றம் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி இலை போட்டார்கள். சத்தம் போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அவர் பழைய விண்டோஸையே போட்டுக் கொடுப்பதற்குத் தயாராக சங்கத்து ஆபீசுக்குப் போனார். வளர்மதி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

“போடறது அப்பறம். மொதல்ல இதுல எதெல்லாம் மாத்துனீங்கன்னு ஒண்ணு விடாமக் காட்டுங்க.”

காட்டினார். வளர்மதி புது நோட்டில் படம் வரைந்துகொண்டார். மத்தியானம்வரை அவர் பேசியதெல்லாம் கேள்விகள்தான். அழித்தால் எங்கே போகிறது, அப்டேட் யார் தருகிறார்கள், இதற்குக் காசு கேட்டு நாளைக்கு யாராவது வருவார்களா, இது தெரிந்தவர்கள் மலையில் வேறு யார்.

“இப்போதைக்கு நீ ஒருத்திதான் கண்ணு.”

வளர்மதி நோட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் குறையவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

“அப்ப இதே இருக்கட்டும். இந்த வேஷத்தை மட்டும் கழட்டிப்போடுங்க. அது எதுவோ, அதாவே இருக்கட்டும். எனக்குப் புரியாட்டி நான் கேட்டுக்கறேன்.”

அவர் நீலப் பின்னணியை எடுத்தார், படங்களை எடுத்தார், மூலைப் பட்டனை மாற்றினார். ஒவ்வொன்றுக்கும் முன்னால், “எடுத்தரட்டுமா?” என்று கேட்டார். வளர்மதி ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார்.

சாமை குத்தும் மெஷின் பொங்கலுக்கு முன்னால் வந்து இறங்கியது. வளர்மதியின் வேலைக்கு இப்போது ஆபத்தில்லை. பக்கத்தில் பைல் நாடு என்ற பகுதியிலிருந்துகூட அவரிடம் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். அந்த வருமானம் முன்பு செம்மேட்டுக் கடைக்கு வந்துகொண்டிருந்தது என்பதை அப்பாஸ் அலி யாரிடமும் சொல்வதில்லை.

கடைக்கு ஆள் வருவது நிற்கவில்லை. ஆறு மாதம் என்று அவர் போட்ட கணக்கு பொய்த்தது. பிப்ரவரியில் ஒருநாள் காளியண்ணனே தன் மகனின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேசைமேல் வைத்தார். பிறகு, வழக்கமாகக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போகிறவர், ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“மூணு மணி நேரம் ஆகுங்களே” என்றார் அப்பாஸ் அலி. “போயிட்டு வாங்க, முடிச்சு வெக்கறேன்.”

“இருக்கட்டுங்க பாய். எனக்கென்ன வேலை?”

மிளகு பறிப்புக் காலம். குண்டனி நாட்டில் அன்றைக்கு வேலை இல்லாத ஆள் ஒருவர்கூட இருந்திருக்க முடியாது. அப்பாஸ் அலி திருகாணிகளைக் கழற்றி, காளியண்ணனுக்குத் தெரிகிற மாதிரி அவர் பக்கமாக வரிசையாக வைத்தார். காளியண்ணன் ஒவ்வொன்றையும் பார்த்தார். இரண்டு டீ சொன்னார்கள்.